ஆங்கில நாட்டுக் கலையும் மாறிவரும் சமுதாயமும்

கறுவாத்தோட்டத்தில், கொழும்பு நூதனசாலைக்கு அண்மையில், தேசிய கலாபவனம் அமைந்துள்ள வீதிக்கு முன்னாளில் கிறீன் பாத் என்று பெயர். இன்று அது ஆனந்த குமாரசாமி மாவத்தை என வழங்கப்படுகின்றது. கிருலப்பனையிலும் வெள்ளவத்தையிலும் வதியும் எம்மிற் பலர் அவ்வீதியை அறிவோம். அப்பெயருக்குரிய பெரியார் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் மகனாக 1877ஆம் ஆண்டிற் கொழும்பிலே பிறந்தவர் என்பதையும், கீழைத்தேயக் கலையின் மாண்பை மேலைத்தேயத்தார்க்கு உணர்த்தியவர் என்பதையும் யாவரும் அறிவோம். ஆயின் அவருடைய கலைச் சிந்தனைக்கு உரமிட்ட நாடுகளுள் ஆங்கில நாடும் ஒன்று என்பதையும், எம்மை ஆண்ட அந்நாட்டின் கலை வரலாற்றிலே எமக்கும் ஒரு பங்குண்டு என்பதையும் சிலரே எண்ணிப் பார்த்திருப்பர். அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலை வரலாறு என்றவுடன் ஓவியர்தம் பெயர்களும் அவர்கள் வாழ்ந்த ஆண்டுகளுமே மாணவர் நினைவில் எழும். அவை வேண்டியனவே, ஆனால் அவற்றால் மட்டும் வரலாறு விளங்காது. ஓவியத்தைத் தீட்டுவோன் ஒருவன். அதனைத் தீட்டுவிப்போன் மற்றொருவன். தீட்டுவிப்போன் அரசனாயின் ஓவியம் ஒரு தன்மைத்து. திருச்சபையாயின் மற்றொரு தன்மைத்து. வணிகனாயின் அதனினும் வேறு. சமுதாயம் மாறும்போது பொருளும் அதிகாரமும் கைமாறுகின்றன. அவை கைமாறும்போது கலையும் தன் வடிவை மாற்றிக்கொள்கின்றது. இவ்வுண்மையைக் காட்டுவதற்கு ஆங்கில நாட்டின் வரலாறு மிகவும் ஏற்றது.

இடைக்காலத்தில் அந்நாட்டின் பெரும் கலைப்புரவலர் திருச்சபையினரே. தேவாலயச் சுவர்களை ஓவியங்கள் அணிசெய்தன. மரத்திலும் கல்லிலும் செதுக்கிய திருவுருவங்கள் நிறைந்திருந்தன. எட்டாம் ஹென்றி மன்னன் 1530ஆம் ஆண்டுகளில் உரோமாபுரியுடன் கொண்டிருந்த தொடர்பை அறுத்தான். மடங்கள் மூடப்பட்டன. அவனுக்குப்பின் வந்த சீர்திருத்தக்காரர் திருவுருவங்களை உடைத்து, சுவரோவியங்களின்மேற் சுண்ணாம்பு பூசினர். புரவலர் ஒரேயடியாக மறையவே சமயக் கலையும் மறைந்தது. எஞ்சி நின்றது அரசவை. அரசவைக்கு வேண்டியது தெய்வ உருவமன்று, தன் உருவமே. ஆகவே உருவப்படமே ஆங்கில நாட்டின் தலையாய ஓவியமாயிற்று. அதனைத் தீட்டியோருள் முதன்மை பெற்றோரும் பிறநாட்டவரே. எட்டாம் ஹென்றியின் உருவை இன்றும் எம் கண்முன் நிறுத்துபவர் ஜேர்மனியரான ஹோல்பைன். முதலாம் சாள்ஸ் மன்னனின் அவைக்கு 1632இல் வந்தவர் அன்ற்வேர்ப் நகரத்தவரான வான் டைக். அம்மன்னன் 1649இற் சிரச்சேதம் செய்யப்பட்டபின், அவன் தேடித்திரட்டிய அரும்பெரும் ஓவியங்கள் விலைகூறி விற்கப்பட்டன.

அடுத்த நூற்றாண்டிலே இலண்டன் மாநகர் வணிகத்தாற் பெருத்தது. கடைக்காரரும் வழக்கறிஞரும் மருத்துவரும் கையில் ஓரளவு பணமும் ஓய்வும் உடையராயினர். பெரிய எண்ணெய்வண்ண ஓவியத்தை விலைக்கு வாங்கும் வசதி அவர்களுக்கில்லை. அச்சுப்படத்தை வாங்கும் வசதி இருந்தது. இதனை உணர்ந்தவர் வில்லியம் ஹோகார்த். நாட்டுப்புறத்திலிருந்து இலண்டனுக்கு வந்து சீரழிந்த இளம்பெண் ஒருத்தியின் கதையை ஆறு படங்களாகச் செப்புத்தகட்டிற் செதுக்கி, 1732இல் ஒரு கினி விலைக்கு வெளியிட்டார். படங்கள் பெரிதும் விரும்பி வாங்கப்பட்டன. உடனே போலிப் பிரதிகளும் தோன்றின. ஹோகார்த் முதலியோர் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பித்ததன் பயனாக, செதுக்கோவியர்க்குப் 14 ஆண்டுகால உரிமை வழங்கும் சட்டம் 1735இல் நிறைவேறியது. பிரபு ஒருவனின் தயவை நம்பியிராது, பெயரறியாப் பல்லாயிரவரை நம்பி வாழும் கலைஞன் ஆங்கில நாட்டில் இவ்வாறு தோன்றினான். புரவலர் மாறியதும் பொருளும் மாறிற்று. மதுவெறியாற் சீர்குலைந்த தெருவும், வாக்குகளை விலைக்கு வாங்கும் தேர்தலும், பொருளாசையால் நிகழும் திருமணமும் ஓவியத்துக்குரிய பொருள்களாயின.

எனினும் நிலப்பிரபுக்களின் செல்வாக்குக் குன்றிவிடவில்லை. மூன்றாம் ஜோர்ஜ் மன்னனின் ஆதரவில் 1768இல் றோயல் அக்கடமி நிறுவப்பட்டது. அதன் முதற் தலைவரான சேர் யோசுவா றெனோல்ட்ஸ், வரலாறும் புராணமும் கூறும் ஓவியமே உயர்ந்ததெனக் கற்பித்தார். ஆயின் அவர் பெரும்பாலும் தீட்டியதோ பிரபுக்களின் உருவப்படங்களையே. கெயின்ஸ்பரோ தீட்டிய அன்றூஸ் தம்பதியரின் ஓவியத்தை நோக்குவோம். ஒரு பாதியில் இளந்தம்பதியர். மறுபாதியில் அவர்தம் வயலும் அரிக்கட்டுகளும் வேலியிட்ட மேய்ச்சல் நிலமும். ஓர் உழவனைத்தானும் அங்கே காணோம். உழைப்பின் பயன் தெரிகின்றது, உழைத்தவன் தெரியவில்லை. நிலம் யாருடையது என்பதைச் சொல்வதற்கே அவ்வோவியம் வரையப்பட்டது.

றோயல் அக்கடமி தோன்றிய அதே 1768இல், டாபி நகரத்து யோசப் றைற் என்பார் விஞ்ஞானப் பரிசோதனை ஒன்றை ஓவியமாகத் தீட்டினார். கண்ணாடிக் குடுவையிலிருந்து காற்றை வெளியேற்ற, உள்ளேயுள்ள பறவை உயிருக்குத் தவிக்கின்றது. சுற்றியிருப்போர் முகங்களில் வியப்பும் இரக்கமும் சிந்தனையும் விளக்கொளியிற் புலப்படுகின்றன. முற்காலத்திலே தெய்வ அற்புதங்களுக்கு உரியதாயிருந்த ஒளி, இங்கே விஞ்ஞானக் கருவியின்மேல் விழுகின்றது. இதுவே கைத்தொழிற் புரட்சியின் விடியல். அதனையடுத்து ஆலைகள் எழுந்தன, புகையிரதம் ஓடியது, மக்கள் கிராமங்களை விட்டு நகரங்களிற் குவிந்தனர். மறைந்துகொண்டிருந்த நாட்டுப்புற வாழ்வைக் கொன்ஸ்ரபிள் பேரன்புடன் வரைந்தார். ஆற்றைக் கடக்கும் வண்டியைக் காட்டும் அவருடைய 1821ஆம் ஆண்டு ஓவியம் தாய்நாட்டில் விலைபோகாது, 1824இற் பரிஸ் நகரிற் பொற்பதக்கம் பெற்றது. டேர்னரோ புதுமையின் பக்கம் திரும்பினார். பழைய போர்க்கப்பலை நீராவிப்படகு ஒன்று உடைப்பதற்காக இழுத்துச் செல்வதை 1839இலும், மழையைக் கிழித்து விரையும் புகையிரதத்தை 1844இலும் தீட்டினார். ஒருவர் இழந்ததை எண்ணினார்; மற்றவர் வந்துகொண்டிருந்ததை எண்ணினார். இருவரையும் அவ்வாறு எண்ணவைத்தது ஒரே மாற்றந்தான்.

புதுச்செல்வம் புதுப்புரவலரையும் ஈன்றது. லீட்ஸ் நகரத்துத் துணி உற்பத்தியாளர் குடும்பத்தவரான ஷீப்ஷாங்ஸ் 1857இல் தம் ஓவியங்களைப் பொதுமக்களுக்கு வழங்கினார். சீனி வணிகத்தாற் பெருஞ்செல்வரான சேர் ஹென்றி ரேற் வழங்கிய கலாபவனம் 1897இல் திறக்கப்பட்டது. பிரபுவின் மாளிகையுள் மறைந்திருந்த கலை பொதுமண்டபத்துக்கு வந்தமை பெருநன்மையே. ஆனால் இதே செல்வத்தை ஈட்டிய ஆலைகளில் வேறொன்று நிகழ்ந்துகொண்டிருந்தது. 1851இல் இலண்டன் ஹைட் பூங்காவிற் கண்ணாடி மாளிகை அமைத்து நடாத்தப்பட்ட பெருங் கண்காட்சியை அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட நுழைவுகளாற் கணக்கிட்டனர். இயந்திரத்தாற் செய்த பொருள்களின் பெருக்கத்தைக் கண்டு வியந்தவர் பலர். அவற்றின் அழகின்மையைக் கண்டு வருந்தியவர் சிலர்.

வருந்தியோருள் தலையாயவர் இருவர். யோன் றஸ்கின், வெனிஸ் நகரத்துக் கட்டடக் கலையைப் பற்றிய தம் நூலில், ஒரு கட்டடத்தின் அழகை அதனைச் செய்த தொழிலாளியின் வாழ்விலிருந்து பிரித்தறிய முடியாதென வாதிட்டார். மற்றொருவன் வரைந்ததை எண்ணமின்றிச் செய்யும் கை அடிமையின் கை. தானே எண்ணிச் செய்யும் கை, குறைபாடு உடையதாயினும், உரிமையுடையது. இக்கருத்தைப் பற்றிக்கொண்ட வில்லியம் மொறிஸ் 1861இல் தோழர்களுடன் சேர்ந்து ஒரு கைப்பணி நிலையத்தைத் தொடங்கினார். நெசவு, சாயமிடுதல், கண்ணாடி, மரவேலை ஆகிய அனைத்தையும் கையாற் செய்வித்தார். 1891இல் கெல்ம்ஸ்கொற் அச்சகத்தை நிறுவி நூல்களையும் கையால் அச்சிட்டார். ஆயின் ஓர் இடர்ப்பாடு அவரை இறுதிவரை வருத்தியது. கையாற் செய்த பொருளின் விலை அதிகம். ஆதலால் அதனை வாங்கியோர் செல்வரே. எல்லார்க்கும் அழகு வேண்டுமென எண்ணியவர், செல்வரின் வீடுகளை அணிசெய்பவராக நேர்ந்தது. சமுதாயம் மாறாது கலைமட்டும் மாறாது என்ற முடிவுக்கு வந்த மொறிஸ், 1883இற் பொதுவுடைமை இயக்கத்திற் சேர்ந்தார். மொறிஸ் வழிநின்ற ஆஷ்பி என்பார் 1888இற் கிழக்கு இலண்டனில் ஒரு கைப்பணியாளர் கழகத்தைத் தொடங்கி, 1902இல் அதனைச் சிப்பிங் கம்டன் என்னும் சிற்றூருக்குக் கொண்டுசென்றார். ஆறு ஆண்டுகளுக்குள் கடன்சுமையால் அக்கழகமும் கலைந்தது.

இவ்விடத்திலேதான் எம் இலங்கைத் தமிழர் இவ்வரலாற்றுள் வருகின்றார். சேர் முத்துக்குமாரசாமியின் மகனாகிய ஆனந்த குமாரசாமி இலண்டனில் நிலவியலும் தாவரவியலும் கற்றவர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராகக் கடமையாற்றியவர். பாறைகளை ஆராயும் பொருட்டு ஊரூராகச் சென்றவரின் கண்களில் மலைநாட்டுக் கைப்பணியாளரின் நிலை பட்டது. கண்டியரசர் காலத்தில் ஓவியரும் பொற்கொல்லரும் தந்தவேலை செய்வோரும் அரசனிடமும் கோயில்களிடமும் நிலம் பெற்று, அதற்கு ஈடாகத் தம் பணியை வழங்கினர். அவசரமுமில்லை, விலைபேசுதலுமில்லை. 1815இல் அரசு வீழ்ந்தது, புரவலன் மறைந்தான். ஆங்கில நாட்டு ஆலைகளிலிருந்து மலிவுப் பொருள்கள் வந்திறங்கின. மூன்று நூற்றாண்டுகளின் முன் எட்டாம் ஹென்றி காலத்து ஆங்கிலச் சிற்பிக்கு நேர்ந்தது கண்டிநாட்டுச் சிற்பிக்கும் நேர்ந்தது. இயந்திரத்தால் ஆங்கில நெசவாளனுக்கு நேர்ந்ததும் உடன்சேர்ந்து நேர்ந்தது. றஸ்கினும் மொறிசும் தம் நாட்டு நோயை அறிவதற்குக் கண்ட முறையைக் குமாரசாமி தம் நாட்டு நோயை அறிவதற்குப் பயன்படுத்தினார். அந்நோய்க்கு அந்நிய ஆட்சியும் ஒரு காரணம் என்பதை அவர் மறைத்திலர்.

அதன் பயனே இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய அவருடைய பெருநூல். ஆஷ்பி புதுக்கிக் கொடுத்த இல்லம் ஒன்றிலே, சிப்பிங் கம்டனுக்கு அயலிலுள்ள புறோட் கம்டனில், அவர் அப்பொழுது வாழ்ந்தார். மொறிஸ் தம் புகழ்பெற்ற சோசர் பதிப்பை அச்சிட்ட அதே கையச்சுப்பொறி அவ்வில்லத்துக்கு வந்திருந்தது. அதிலே 1907 செப்ரெம்பரிலிருந்து 1908 டிசெம்பர்வரை அச்சுவேலை நடந்து, 425 பிரதிகள் வெளிவந்தன. நூலுக்கான நிழற்படங்களை எடுத்துதவிய அவர் மனைவியார் எதல், இலங்கைக் கைப்பணியிற் கண்டதை மறவாது, பின்னாளில் ஆங்கில நாட்டின் தலைசிறந்த கைத்தறி நெசவாளருள் ஒருவராயினார். ஆகவே கொடுத்தவர் அவர்கள், பெற்றவர் நாம் என்று மட்டும் எண்ணுதல் பொருந்தாது.

அதே 1907இற் கொழும்பிலே மற்றொரு பணி தொடங்கியது. குமாரசாமியின் தந்தையார் சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்குத் தாய்மாமன். அவ்விராமநாதன், தம் தந்தையார் கொச்சிக்கடையில் எழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயத்தைக் கருங்கல்லாற் புதுக்குவிக்கத் தொடங்கினார். தென்னாட்டு மரபில் வந்த சிற்பாசாரிகளின் உளியோசை கொட்டாஞ்சேனைப் பகுதியில் ஒலித்தது. 1912இற் கும்பாபிஷேகம் நிறைவேறிற்று. ஆங்கில நாட்டு அறிஞர் மீட்க முயன்று மீட்கமுடியாது போன கைப்பணிக் குலமரபு, எம்மிடையே அப்பொழுதும் உயிரோடிருந்தது. அதற்குக் காரணம் அதனை வேண்டிநிற்கும் கோயில் இருந்தமையே. இன்று அவ்வாலயத்தின் தூண்களிடையே நிற்கும் அடியார் இதனை ஒருகணம் எண்ணிப்பார்த்தல் நன்று.

ஆயின் எம் வீட்டுப் பூசையறையின் கதை வேறு. திருவாங்கூர் ஓவியர் இரவிவர்மா ஐரோப்பிய எண்ணெய்வண்ண முறையைக் கற்று, இலக்குமியையும் சரசுவதியையும் அம்முறையிலே தீட்டினார். 1894இற் பம்பாயில் அச்சகம் நிறுவி அவற்றைப் பல்லாயிரமாக வெளியிட்டார். ஹோகார்த் கண்ட வழியே இது. ஏழையின் குடிசையிலும் தெய்வத்தின் திருவுருவம் இடம்பெற்றது. குமாரசாமி இவற்றை வன்மையாகக் கண்டித்தார். மரபு சிதைந்து நாடகப்பாங்கு புகுந்ததென்றார். கோயிலுள் நுழையத் தடுக்கப்பட்டிருந்த குலத்தவர்க்கு அவ்வண்ணப்படமே கருவறையாயிற்று என்பதையும் நாம் மறத்தலாகாது. கலையின் தரமும் கலை சென்றடையும் தூரமும் எப்பொழுதும் ஒருங்கே செல்வதில்லை. மொறிசை வருத்திய இடர்ப்பாட்டின் மறுபக்கமே இது.

பள்ளிக்கூடச் சித்திரபாடத்திலும் இம்மாற்றங்களின் சுவட்டைக் காணலாம். பார்த்து வரைதலே சித்திரம் என்றிருந்த காலத்தில், 1920இற் சித்திர வித்தியாதரிசியாக இலங்கைக்கு வந்தவர் சாள்ஸ் பிறீகுறோவ் வின்சர். புதிய ஐரோப்பிய ஓவியத்தை அறிந்த அவ்வாங்கிலேயர், இந்நாட்டு மாணவர் தம் சூழலையும் மரபையும் நோக்கித் தம் கண்ணாற் காணவேண்டுமென ஊக்கினார். யாழ்ப்பாணத்திலே சித்திர வித்தியாதரிசியாக விளங்கிய எஸ். ஆர். கனகசபை, அவர் பெயராலேயே ஒரு சித்திரக் கழகத்தை நிறுவி ஆசிரியர் பலரை உருவாக்கினார். கொழும்பிலே 1943 ஓகஸ்ட் மாதத்தில், லயனல் வென்ற் என்பாரின் இல்லத்தில், நாற்பத்துமூன்றாம் ஆண்டுக் குழு தோன்றியது. ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ், ஜஸ்ரின் தெரணியகல, ஐவன் பீரிஸ், மஞ்சுசிறீ முதலியோர் அதில் இடம்பெற்றனர். அக்கடமி வழிவந்த ஓவியமுறையை அவர்கள் ஏற்கவில்லை. பண்டைச் சுவரோவியத்தையும் புதிய ஐரோப்பிய ஓவியத்தையும் ஒருங்கே கற்றுத் தம் வழியை வகுத்தனர். பொறளைக் கோதமி விகாரையில் ஜோர்ஜ் கீற் 1939, 1940ஆம் ஆண்டுகளில் வரைந்த சுவரோவியங்களை இன்றும் காணலாம். 1952இல் அக்குழுவின் ஓவியங்கள் இலண்டனிலே காட்சிக்கு வைக்கப்பட்டன.

அதற்குள் ஆங்கில நாடும் மாறியிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தேசிய கலாபவனத்து ஓவியங்கள் வேல்ஸ் நாட்டுக் கற்சுரங்கத்துள் ஒளித்துவைக்கப்பட்டன. குண்டுவீச்சுக்கஞ்சி நிலக்கீழ்ப் புகையிரத நிலையங்களிற் படுத்துறங்கிய எளிய மக்களை ஹென்றி மூர் வரைந்தார். போரின் பின் 1946இற் கலைமன்றம் நிறுவப்பட்டு, அரசாங்கமே புரவலராயிற்று. பேரரசு கலைந்தபின் அதன் குடிகள் இலண்டனை வந்தடைந்தனர். நாற்பத்துமூன்றாம் ஆண்டுக் குழுவைச் சேர்ந்த ஐவன் பீரிஸ் தம் வாழ்நாளின் பிற்பகுதியை ஆங்கில நாட்டிற் கழித்து 1988இற் காலமானார். மறு ஆண்டில் இலண்டனில் ஆசிய, ஆபிரிக்க, கரிபியன் ஓவியர்களின் படைப்புக்களைத் திரட்டிக் காட்டிய கண்காட்சியில் அவருடைய ஓவியங்களும் இடம்பெற்றன. அந்நாட்டின் கலை வரலாற்றை இவர்களை விலக்கி எழுதமுடியாது என்பதே அக்கண்காட்சி சொன்ன செய்தி. டேர்னரின் பெயரால் வழங்கப்படும் பரிசை 1991இற் பம்பாயிற் பிறந்த அனிஷ் கபூர் பெற்றார். உருவப்படம் தீட்டப் பிறநாட்டவரை அழைத்த நாடு, மீண்டும் பிறநாட்டில் வேரூன்றியோரின் கையாலே தன் கலையைப் புதுக்கிக்கொண்டது.

இவ்வரலாற்றால் நாம் பெறும் பாடம் யாது? கலை வீழ்ந்துவிட்டதெனப் புலம்புவோர் பெரும்பாலும் கலைஞனையே குறைகூறுவர். தீட்டுவிப்போனை எவரும் கேட்பதில்லை. எம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று கோயிற் பரிபாலன சபைகளிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிலும் பொறுப்பேற்றிருக்கின்றனர். கடல்கடந்து வாழ்வோர் அங்கேயும் ஆலயங்கள் எழுப்புகின்றனர். திருப்பணி செய்விக்கும்போது குறைந்த கேள்விப்பத்திரத்தையும் விரைந்த நாளையுமே நோக்குவோமாயின், சிற்பாசாரியின் மகன் தந்தையின் உளியை எடுக்கமாட்டான். அவனுக்குப் போதிய காலமும் ஊதியமும் மதிப்பும் கொடுப்போமாயின் எடுப்பான். சித்திரபாடத்தைப் பரீட்சைக்கு உதவாத பாடமென ஒதுக்குவோமாயின், நல்ல ஓவியத்தை அறிந்து வாங்குவோரும் நாளை இரார். எம்மையும் அறியாமலே நாம் ஒவ்வொருவரும் புரவலராயிருக்கின்றோம்.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். கட்டுரையின் தொடக்கத்திற் கூறிய ஆனந்த குமாரசாமி மாவத்தையிலே, ஜோர்ஜ் கீற் மன்றத்தினர் 1993ஆம் ஆண்டு தொடங்கிய திறந்தவெளி ஓவியச் சந்தை, கலா பொல என்னும் பெயருடன் நடைபெற்று வருகின்றது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வரும் ஓவியர் வீதியோரத்திலே தம் படைப்புக்களை வைத்து விற்பர். அடுத்தமுறை அது கூடும்போது சென்று பாருங்கள், ஓவியருடன் பேசுங்கள், இயலுமாயின் ஒரு சிறு படத்தையேனும் விலைகொடுத்து வாங்கி வீட்டிலே மாட்டுங்கள். குமாரசாமியின் பெயர்தாங்கிய அவ்வீதியில் அவர்க்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவேயாகும்.